துண்டுக்குள் கை

2 ஜனவரி, செவ்வாய்

புண்ணாக்குக் கம்பெனி ஏஜென்ட் கொடுத்துவிட்டுப் போன டைரி. தாள் நன்றாக இருக்கிறது. வீணாக்க மனம் வரவில்லை, எழுதத் தொடங்குகிறேன்.

இன்று சந்தை. பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் சென்னியப்பன் எங்கே என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. உடும்பு எங்கே என்று கேட்டால் வாசலிலேயே என்னைக் கை நீட்டிக் காட்டுவார்கள். அடுத்தவன் மாட்டைக் கேரள எல்லையில் மீனாட்சிபுரம் தாண்டி நடத்திக்கொண்டு போய்க் கூலி வாங்கியவன், இன்று சொந்த லாரி வைத்திருக்கிறேன். படித்து வந்ததில்லை, யாரும் தூக்கி விட்டதுமில்லை. எல்லாம் இந்தக் கை.

எங்கள் சந்தையில் வாயால் விலை பேசுவதில்லை. இருவர் கைக்கும் மேல் துண்டைப் போட்டு, விரலைப் பிடித்துப் பேசுவோம். விலை சொல்கிறவன் எதிராளியின் விரல்களைப் பற்றுவான். ஏற்றுக்கொண்டால் எதிராளியும் திருப்பி இறுக்க வேண்டும், பிடிக்காவிட்டால் உதறிவிட வேண்டும். நான் பிடித்தால் உதற முடியாது. இன்று கேரளத்து ஆலத்தூர் மம்மது துண்டுக்குள் கையை இழுத்து இழுத்துப் பார்த்தான்.

“விடு உடும்பே, சம்மதிச்சு!” என்று அலறினான். அதற்குப் பிறகு விட்டேன்.

எப்போது விடுவது என்பது என் முடிவு. சந்தைக்குள் நுழையுமுன் வேட்டி மடிப்புக்குள் கையை மூடி மூடித் திறந்துகொள்வேன். மார்கழிக் குளிரென்றால் இன்னும் கொஞ்ச நேரம். தச்சன் உளியைத் தீட்டுவதில்லையா, அதுபோல.

உடம்பும் அப்படித்தான். வயது ஐம்பத்து நான்கு. ஒரு நாளும் தண்டால் எடுத்ததில்லை, ஆனால் தொடையும் முதுகும் மயிலைக் காளை மாதிரி. கொடுத்து வைத்த உடம்பு.

10 ஜனவரி, புதன்

சினை மாடு ஒன்று கன்று போட்டது. கிடேரி. லாரிக்கு டயர் மாற்றினேன்.

21 ஜனவரி, ஞாயிறு

மகள் சிந்துஜாவுக்குக் கட்டுச்சோறு விருந்து. உடுமலையில் அவள் புகுந்த வீட்டுக்கு ஒன்பது வகைச் சோறு கட்டிக்கொண்டு போய், விருந்து போட்டு, பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். சம்பந்தி வேலுச்சாமி தென்னைநார் மில் வைத்திருக்கிறார். பேச்சு குறைவு, நல்ல மனிதர். சம்பந்தியம்மா அந்தக் குறையையும் சேர்த்துப் பேசிவிடுவார்.

பந்தியிலிருந்து எழுந்த சிந்துஜா அப்படியே மரக்கட்டையாக நின்றாள். அடுத்த அடி எடுத்து வைக்கக் கால் வரவில்லை. மாப்பிள்ளை கோகுல் தாங்கிப் பிடித்தார். நாலைந்து அடி நடந்த பிறகு சரியாகிவிட்டது.

“ஏனுங், உங்க புள்ளைக்கு எந்திரிச்சா காலு வராதுங்களா?” என்றார் சம்பந்தியம்மா, வந்திருந்த ஒறம்பரை சனம் எல்லாரும் கேட்கும்படி. “போன வாரம் டம்ளரப் புடிச்சவ வெக்கவே மாட்டீங்கறா. நான் வாங்கி வெக்கப் போனா, விரலு ஒண்ணொண்ணா பிரிக்க வேண்டியதாப் போச்சு.”

“மாசமா இருக்கறப்ப அப்படித்தானுங் இருக்கும்” என்றேன்.

சிந்துஜா சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் டீசல் வண்டி, சூடேறினால்தான் ஓடும். பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் விசில் ஊதியதும் விழுந்துவிடுவாள். பரீட்சைக்குப் போகுமுன் கையை மூடி மூடித் திற என்று சொல்லி அனுப்புவேன். மாநிலத்துக்கே தெரிகிற மாதிரி மார்க் வாங்கினாள். என் மகள்.

25 ஜனவரி, வியாழன்

சந்தையை விட்டுவிட்டுக் கோயமுத்தூர் போனோம். பிரசவ டாக்டர் நரம்பு டாக்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டார். சம்பந்தி வீட்டாரும் வந்திருந்தார்கள்.

நரம்பு டாக்டர் பெயர் எஸ்தர். சின்ன வயதுதான். சிந்துஜாவின் கட்டைவிரல் சதையில் ஊசியைக் குத்தி, ஒயரை மெஷினில் மாட்டினார். ஸ்பீக்கரிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வால்பாறை மலையில் லாரி கியர் மாற்றும்போது உறுமல் ஏறி, ஏறி, அப்படியே தேய்ந்து அடங்குமே, அந்தச் சத்தம். மகள் கையைச் சும்மாதான் வைத்திருந்தாள். சதை மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

“இது பயமும் இல்ல, சோம்பலும் இல்ல” என்றார் டாக்டர். “மூளை ‘விடு’ன்னு சொல்லியாச்சு. நரம்பும் கேட்டாச்சு. சதை மட்டும் அடங்கல. ஏன்னா அதுல ஒரு கதவு சரியாத் தொறக்கல.”

“சதைல கதவுங்களா?” என்றார் சம்பந்தியம்மா.

சதையின் ஒவ்வொரு நூலுக்கும் மேலே ஒரு தோல் உண்டாம். அந்தத் தோலில் கண்ணுக்குத் தெரியாத வாசல்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றனவாம். உப்பு தண்ணீரில் கரைந்தால் இரண்டு பாகமாகப் பிரியுமாம், அதில் ஒரு பாகம் மட்டும் போய்வருகிற வாசல் இது. அது திறந்திருந்தால்தான் வேலை முடிந்ததும் சதை சாந்தமாகும். வாசல் என்றால் மரக்கதவு, கீல் என்று எதுவும் கிடையாது. ஒரே புரதம், சுருண்டு மடிந்து கிடப்பது. அதுவேதான் சுவர், அதுவேதான் கதவு. தன் உருவத்தையே மாற்றிக்கொண்டுதான் அது திறக்கிறது, மூடுகிறது.

எனக்குப் பிடித்துப்போனது. கேட்டேன்: “எங்க எருமை வாசல்ல படுத்துக்கும். அது எந்திரிச்சு ஒதுங்குனாத்தான் வழி. அந்த மாதிரிங்களா?”

டாக்டர் சிரித்தார். “எருமை முழுசா எந்திரிக்கறதில்ல. வழியில கெடக்கற வால மட்டும் அக்கட்ட தள்ளிக்கும், அவ்வளவுதான். கண்ணச் சிமிட்டறதுக்குள்ள பல தடவை. ஆனா இன்னொரு விதமும் இருக்கு. இந்த வாசல் ரெட்டை. ரெண்டு பாதி ஒட்டிக்கிட்டு இருக்கும், ஆளுக்கொரு வழி. ரெண்டும் சேர்ந்து மொத்தமா அசைஞ்சு, ரெண்டு வழியையும் ஒரே சமயத்துல மூடவும் செய்யும்.”

“அப்ப மூடி மூடித் தொறந்தா சரியாப் போகுதே, அது எப்படீங்?” என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். “மகள் சொல்லுவா” என்று சேர்த்துக்கொண்டேன்.

“அது ஏன்னு எங்களுக்கே இன்னும் முழுசாத் தெரியாதுங்க.”

தெரியாததைத் தெரியாது என்று சொன்ன முதல் டாக்டர். விலைக்கு வந்திருந்தால் அப்போதே வாங்கியிருப்பேன்.

பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். கை விடாமல் போவது இரண்டு சீக்கில் வரும். ஒன்று வெறும் விறைப்பு. ஆயுசுக்கும் இருக்கும், உயிருக்கு ஒன்றும் செய்யாது. இன்னொன்று வேறு சாதி. நாளாக ஆகச் சதை இளைக்கும், இதயத்தைத் தொடும். தாயிடமிருந்து குழந்தைக்குப் போனால், பிறக்கும்போதே மூச்சு விடவும் அழவும் சிரமப்படலாம். ரத்தம் அனுப்பியிருக்கிறது, முடிவு வர ஆறேழு வாரம்.

“கொழந்த அதுக்குள்ள வந்துருமேங்” என்றாள் என் வீட்டுக்காரி ருக்மணி.

“அதனாலதான் கேக்கறேன். உங்க ரெண்டு குடும்பத்துல... இல்ல, சிந்துஜாவப் பெத்தவங்க பக்கம், யாருக்காவது சின்ன வயசுலருந்து இந்த விறைப்பு இருந்து, வயசான பின்னாலயும் நல்ல பலமா இருக்காங்களா? அப்படி ஒருத்தர் இருந்தா, இது மொதல் சீக்குன்னு நான் தைரியமாச் சொல்லுவேன்.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“எங்க வம்சத்துல யாருக்கும் இல்லீங்” என்றேன்.

என் கைகள் அப்போது வேட்டி மடிப்புக்குள் இருந்தன. அந்த ஆஸ்பத்திரியில் ஏ.சி. அதிகம்.

ருக்மணி வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். பஸ்ஸில் தலைவலி என்றாள்.

1 பிப்ரவரி, வியாழன்

சந்தையில் பனி. யோசனையாகவே உள்ளே போய்விட்டேன். தாராபுரத்துக்காரன் ஒருவன் காங்கேயம் காளையோடு நின்றான். பின்னங்கால் இழுக்கிறது, தூரத்திலேயே தெரிந்தது. விலை என்னதான் சொல்கிறான் பார்ப்போம் என்று கை கொடுத்தேன். தரகர் ஆறுச்சாமி துண்டைப் போட்டார். அவன் கொள்ளை விலைக்கு விரலைப் பிடித்தான். என் விரல்கள் மடங்கின. உதற வேண்டும், உதறவில்லை. ஆறுச்சாமி கொஞ்ச நேரம் என் முகத்தையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அப்ப முடிஞ்சுதுங்” என்று துண்டை உருவிவிட்டார். பேரம் முடிந்தால் முடிந்ததுதான், மாற்றிப் பேசினால் சந்தையில் நிற்க முடியாது.

வாங்க வேண்டும் என்றுதான் வாங்கினேன்.

தொழுவத்தில் கட்டியபோது ருக்மணி கேட்டாள்: “இத எதுக்குங் புடிச்சுட்டு வந்தீங்க?”

“கண்ணுக்குப் புடிச்சுது.”

“கண்ணுக்கா, கைக்கா?” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். இருபத்தெட்டு வருடம் குடித்தனம் செய்தவளிடம் பேரம் பேச முடியாது.

5 பிப்ரவரி, திங்கள்

சிந்துஜா சாப்பிடுவதே இல்லை. ருக்மணி அவளுக்குப் பிடித்த அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினாள். சிந்துஜா தட்டில் கோலம் போட்டுவிட்டு எழுந்துவிட்டாள்.

தொழுவத்தில் தீவனம் போட்டுக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள். வயிற்றில் கை.

“அப்பா, பாப்பா பொறந்தா அழுவுமாங்ப்பா?”

“அழுகாம? உன்ற அம்மா பேத்தி. ஊரையே எழுப்பும்.”

“அத்தை போன் பண்ணாங்க. எங்க வம்சத்துல இப்பிடி ஒண்ணு இல்லைன்னாங்க. அவரு பக்கத்துல இருந்தும் ஒண்ணும் பேசல.”

“அவிங்க கெடக்கறாங்க அம்மிணி.”

“நீங்களும் அன்னிக்கு அதையேதானுங்ப்பா சொன்னீங்க. எங்க வம்சத்துல இல்லைன்னு.” காளையின் நெற்றியைத் தடவினாள். “அப்ப நான் எந்த வம்சமுங்ப்பா?”

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டாள். தவிட்டு மூட்டையைப் பிரிக்கப் போய்விட்டேன்.

6 பிப்ரவரி, செவ்வாய்

சந்தைக்குப் போகவில்லை, வேறு வேலை ஏதும் இல்லாமலே. என் கல்யாணம் நடந்த வாரம்கூடப் போனவன் நான்.

12 பிப்ரவரி, திங்கள்

கோயமுத்தூர். சம்பந்தி குடும்பத்தையும் வரச் சொன்னேன். எதற்கு என்று சொல்லவில்லை. வியாபாரி முதலிலேயே விலையைச் சொல்ல மாட்டான்.

டாக்டர் எஸ்தர் உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. எல்லாரும் இருக்கும்போதே சம்பந்தியிடம் கையை நீட்டினேன். அவர் ஏதோ மரியாதைக்கு என்று நினைத்துக் கை கொடுத்தார். மேலே துண்டு இல்லை. நன்றாக இறுக்கிப் பிடித்தேன்.

“சம்பந்திங், இப்ப விடறேன். பாருங்க” என்றேன்.

விட்டேன். அதாவது விடச் சொன்னேன். கை விடவில்லை. வேலுச்சாமி சிரித்தார், பிறகு இழுத்துப் பார்த்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார். என் விரல்கள் ஒவ்வொன்றாக, அடம்பிடிக்கிற பிள்ளை வாயிலிருந்து மிட்டாயை எடுப்பது போல, மெதுவாகப் பிரிந்தன. வாழ்நாளில் அவ்வளவு பேர் பார்க்க என் கை திறந்ததே இல்லை.

“அப்பா!” என்றாள் சிந்துஜா. “உங்களுக்குமா?” அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருந்தது.

டாக்டர் எழுந்து வந்தார். “எப்பருந்துங்க?”

“நெனவு தெரிஞ்ச நாள்லருந்துங்.”

“அன்னிக்குக் கேட்டேனே?”

“அன்னிக்கு வியாழக்கெழமைங். சந்தை நாளு. உண்மை பேசற நாளில்ல.”

சின்னச் சுத்தியலால் என் கட்டைவிரல் மேட்டைத் தட்டினார். விரல் உள்ளே மடங்கி அப்படியே நின்றது. கண்ணை இறுக்கி மூடித் திறக்கச் சொன்னார், மூடிய கண் உடனே திறக்கவில்லை. தொடையை, முதுகை அழுத்திப் பார்த்துவிட்டு, “எக்சர்சைஸ் செய்யறீங்களா?” என்றார். இல்லை என்றேன். ஓயாமல் முறுக்கேறிக் கிடந்ததால் சதை தானாகவே தேகப்பயிற்சி செய்துகொண்டதாம். என் உடம்பைப் பார்த்துப் பொறாமைப்பட்ட அத்தனை பேரையும் அந்த நேரம் நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஊசி. வலித்தது. ஸ்பீக்கரில் அதே வால்பாறை லாரி. ஏறி, உறுமி, தேய்ந்து அடங்கியது. மகளுக்குக் கேட்ட அதே சத்தம், ஒரு சுருதி பிசகவில்லை. வெட்கமாக இருக்கும் என்று நினைத்து வந்தேன். இல்லை. கன்றுக்கும் தாய்க்கும் ஒரே சுழி இருந்தால் வாங்குகிறவனிடம் பெருமையாகக் காட்டுவேனே, அப்படித்தான் எல்லாரையும் பார்த்தேன்.

“ஐம்பத்து நாலு வயசுல இப்படி ஒரு பலசாலி” என்றார் டாக்டர். “அந்த ரெண்டாவது சீக்கு உங்க வீட்ல இருந்திருந்தா நீங்க இந்நேரம் இப்படி நிக்க மாட்டீங்க. ரத்த முடிவு வரட்டும். ஆனா இது மொதல் விதம்னு நான் இப்பவே தைரியமாச் சொல்றேன்.”

அப்பாவிடமிருந்து ஒரு பாதி வந்தாலே போதுமாம். அந்த ரெட்டை வாசலில் ஒரு பாதி கோணலாக உருவானால், பக்கத்தில் ஒட்டியிருக்கிற நல்ல பாதியையும் திறக்க விடாதாம். நுகத்தில் பூட்டிய ஜோடியில் ஒன்று படுத்துக்கொண்டால் மற்றது எங்கே நடக்கும்? எனக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

சம்பந்தியம்மா விடவில்லை. “அப்ப இத மறைச்சுத்தான் பொண்ணக் குடுத்தீங்களா?”

“சீக்குன்னு தெரிஞ்சிருந்தா மறைச்சேன்னு சொல்லலாமுங். நான் பலம்னு நெனச்சுட்டு இருந்தேன். இந்தக் கைலதான் லாரி வாங்குனேன், இந்தக் கைலதான் உங்களுக்குப் பொண்ணுக் குடுத்தேன்.”

“பாப்பாவுக்கும் வருமா?” என்று சம்பந்தியம்மா டாக்டரிடம் திரும்பினார்.

“பாதி வாய்ப்பு. வந்தாலும், இவர மாதிரிதான் இருப்பாங்க.”

“இவர மாதிரியா!” என்றார் சம்பந்தியம்மா, முந்தியதைவிடப் பயந்துபோய்.

“அம்மா, போதும்” என்றார் மாப்பிள்ளை. இத்தனை நாளில் அவர் பேசிய முதல் நல்ல பேச்சு. சிந்துஜாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் விடவில்லை. விட முடியவில்லையா, விட மனமில்லையா, அது அவர்கள் பாடு.

மயக்க மருந்து டாக்டரிடம் காட்ட ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சதையைத் தளர்த்துகிற ஊசி ஒன்று எங்களைப் போன்றவர்களுக்குத் தாடையையும் நெஞ்சையும் இறுக்கிவிடுமாம், அதைப் போடக் கூடாது. தியேட்டரில் குளிரும் ஆகாது.

மதியம் ஓட்டலில் சிந்துஜா இரண்டு தோசை சாப்பிட்டாள். மூன்றாவதும் கேட்டாள்.

15 பிப்ரவரி, வியாழன்

சந்தை. யார் மூலமாகவோ தெரிவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது என்று போனேன். டீக்கடையில் ஆறுச்சாமியை உட்காரவைத்து, வாசல், வால், ரெட்டைப் பாதி எல்லாம் சொன்னேன்.

“ஓ, அதுக்குப் பேரெல்லாம் இருக்குதா?” என்றார் அவர் டீயை ஊதிக்கொண்டே.

“எதுக்கு?”

“உங்கையிக்கு. மாப்ள, இருவது வருசமா துண்டப் போடறவன் நானு. கையி விடறதுக்கு எச்சு நேரமாகும்னு எனக்குத் தெரியாதா? மம்மதுக்குத் தெரியும். கொள்ளு விக்கறவனுக்குக்கூடத் தெரியும்.”

“தெரிஞ்சுமா வெலைய எறக்குனாங்க?”

“வெயில் ஏறுதல்ல? கையக் கடனாக் குடுத்துட்டு எத்தன நேரம் நிக்கறது!”

“ஏய்யா சொல்லல?”

“நீ அத்தன பாடுபட்டு வேட்டிக்குள்ள வெச்சு மறைக்கற. நாங்க எப்பிடிச் சொல்றது?”

ஆறுச்சாமி பொய் சொல்கிறார். தரகர் சாதியே அப்படித்தான். இருந்தாலும் அவருக்கும் சேர்த்து டீக்குக் காசு கொடுத்தேன்.

கால் இழுக்கிற காளையை விற்கவில்லை. மாட்டு டாக்டர் குளம்பில் முள் என்றார், எடுத்துவிட்டார். நன்றாக நடக்கிறது. நல்ல காளை. அன்றே தெரியும் எனக்கு.

27 பிப்ரவரி, செவ்வாய்

ரத்த முடிவு இன்னும் வரவில்லை. ருக்மணி மாரியம்மனுக்குக் காசு முடிந்து வைத்திருக்கிறாள்.

9 மார்ச், சனி

விடியும்போது சிந்துஜாவுக்கு வலி எடுத்தது. ரத்த முடிவுக்கு முந்திக்கொண்டு குழந்தை கிளம்பிவிட்டது. என் பேரப்பிள்ளை, காகிதத்துக்காகக் காத்திருக்குமா?

கோயமுத்தூரில் உள்ளே அழைத்துப் போனார்கள். வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும் என்றார்கள். மயக்க மருந்து டாக்டர் வெளியே வந்து, “உங்க கைதானே அது? சீட்டுல படிச்சேன்” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். தியேட்டரில் ஏ.சி.யைக் குறைத்துவிட்டார்களாம். முதுகில் மட்டும் ஊசி.

ருக்மணி சுவரோரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை நடந்துகொண்டே இருந்தார். சம்பந்தியம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. டாக்டர் எஸ்தர் தைரியமாகத்தான் சொன்னார். ஆனால் தைரியமாக விற்ற மாடு மறுநாள் படுத்துவிடுவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். கதவுக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நர்ஸ் ஒருத்தி ஓடினாள். சும்மா ஓடினாளா, எதற்காவது ஓடினாளா தெரியவில்லை. இன்னும் சத்தம் இல்லை. வேலுச்சாமி என் பக்கத்தில் வந்து நின்றார்.

அழுதது.

அழுகையா அது! பொள்ளாச்சிச் சந்தைக்கு நடுவில் விட்டால் மீனாட்சிபுரத்தில் மாடு மிரளும். நிறுத்தவே இல்லை. மூச்சை இழுத்து, மறுபடி, மறுபடி. சம்பந்தியம்மா, “மாரியாத்தா, போதுஞ் சாமி, தொண்ட கட்டிக்கும்” என்று கும்பிட்டுக்கொண்டே அழுதார். பெண் குழந்தை. சிந்துஜா நலம். குழந்தையின் கையும் என்னைப் போலவா, இல்லையா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தொண்டை என்னுடையது, அதில் எனக்குச் சந்தேகமில்லை.

அப்போதுதான் கவனித்தேன், வேலுச்சாமியின் கையைப் பிடித்திருக்கிறேன். எப்போது பிடித்தேன் என்று தெரியவில்லை. அவர் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

“இதா, விட்டர்றனுங் சம்பந்தி, ஒரு நிமிசம்” என்றேன்.

“இருக்கட்டும்ங்” என்றார். “எனக்கொண்ணும் அவசரமில்லீங்.”